டெனுவோ திட்டுகளுக்கு நடுவே ஒரு கேமின் விமர்சனங்களைப் படிப்பது எப்படி

புதிதாக ஒரு கேம் வந்த அன்று கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் கடையில் அதன் விமர்சனப் பகுதியைத் திறந்து பாருங்கள். கதை எப்படி, சண்டை எப்படி என்று தெரிந்துகொள்வதற்குள் நாலைந்து பேர் டெனுவோவை, அதாவது கேமை நகலெடுக்க விடாமல் தடுக்கும் பூட்டு மென்பொருளை, திட்டி முடித்திருப்பார்கள். வாள், மந்திரம், டிராகன் என்று போகும் ஆக்‌ஷன் ஆர்பிஜி (ஒரு கதாபாத்திரத்தை வளர்த்துக்கொண்டே ஆடும் வகை) என்றால் குரல் இன்னும் உயரும். காரணம் இருக்கிறது. இந்த வகை கேமை நாம் தனியாக ஆடுகிறோம், எண்பது நூறு மணி நேரம் ஆடுகிறோம், மாட் (ரசிகர்கள் செய்யும் மாற்றங்கள்) போடுகிறோம், சில வருடம் கழித்து வேறொரு பில்டோடு (வேறு திறமை, ஆயுதங்களோடு) மறுபடி ஆரம்பிக்கிறோம். நகல் தடுப்பு இந்த ஒவ்வொரு இடத்திலும் குறுக்கே வரும்.

திட்டுகிறவர்கள் பக்கம்தான் நானும். ஆனாலும் வாங்கலாமா என்று நண்பர்கள் கேட்கும்போது "டெனுவோ இருக்கு, வேண்டாம்" என்று மட்டும் நான் சொல்வதில்லை. ஒரே பெயரைச் சொல்லி ஆளுக்கொரு விஷயத்தைத் திட்டுகிறார்கள். அதில் எது உங்கள் கணினியைத் தொடும், எது தொடாது என்று பிரித்துப் பார்த்தால்தான் அந்த விமர்சனத்தால் பிரயோஜனம். நான் அதை எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

முதலில் என்ன பூட்டு என்று பாருங்கள்

விமர்சனத்துக்குப் போகும் முன் கடைப் பக்கத்தின் வலது ஓரத்தைப் படியுங்கள். மூன்றாம் தரப்பு டிஆர்எம் (நகல் தடுப்புப் பூட்டு) இருந்தால் அங்கே ஒரு பெட்டியில் போட்டிருப்பார்கள். 2024 மார்ச்சில் கேப்காம் வெளியிட்ட டிராகன்ஸ் டாக்மா 2-வின் பக்கத்தில் டெனுவோவின் பெயரோடு, ஒரு நாளைக்கு ஐந்து வெவ்வேறு கணினிகளில்தான் செயல்படுத்த முடியும் என்ற வரம்பும் இருந்தது. அந்த வரியைப் படிக்காமல் வாங்கிவிட்டு அப்புறம் கோபப்பட்டவர்கள் ஏராளம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். ஈசி ஆன்டி-சீட் போன்றவை ஏமாற்றி ஆடுவதைத் தடுப்பவை. நகலெடுப்பதைத் தடுப்பது அவற்றின் வேலை இல்லை. எல்டன் ரிங்கில் இருப்பது ஈசி ஆன்டி-சீட். அதில் டெனுவோ கிடையாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும் விமர்சனத்தை நான் அங்கேயே விட்டுவிடுவேன். ஸ்டீமின் சொந்தப் பூட்டு வேறு. கேமைத் திறக்க அந்த நிறுவனத்தின் இன்னொரு கணக்கு வேண்டும் என்று கேட்பது வேறு. பிசிகேமிங்விக்கி தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் எந்தக் கடையில் எந்தப் பூட்டு என்று அட்டவணையே உண்டு. ஜிஓஜி கடையில் அதே கேம் கிடைத்தால் விஷயம் முடிந்தது, அங்கே பூட்டே இல்லை.

திட்டைப் பிரியுங்கள்

டெனுவோ சால்ஸ்பர்க்கில் பிறந்த ஆஸ்திரிய நிறுவனம். 2018-லிருந்து இர்டெட்டோ என்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அதன் பூட்டு கேமின் சில பகுதிகளை எடுத்து ஒரு மெய்நிகர் எந்திரத்துக்குள் (மென்பொருளாலேயே ஆன கணினிக்குள்) வைத்து, உங்கள் கணினியின் வன்பொருளோடு முடிச்சுப் போடுகிறது. முதல்முறை திறக்கும்போது இணையத்தில் ஓர் அனுமதிச் சீட்டு வாங்குகிறது. இந்த இரண்டு வேலையிலிருந்துதான் பெரும்பாலான புகார்கள் வருகின்றன. முதலாவதால் ‘வேகம் குறைகிறது’, இரண்டாவதால் ‘திறக்க முடியவில்லை’.

மூன்றாவது புகார், காசு கொடுத்தும் இது என்னுடையது இல்லை என்பது. சர்வர் மூடினால் என்ன ஆகும்? விண்டோஸ் 10 வந்தபோது சேஃப்டிஸ்க், செக்யூரோம் என்ற பூட்டுகள் போட்ட பழைய டிஸ்க்குகள் பல ஓடாமல் போனதைப் பார்த்தவர்களுக்கு இது கற்பனைப் பயம் இல்லை. நான்காவது, காசு கொடுத்தவனைத் திருடன் மாதிரி சோதிக்கிறார்கள் என்ற மான உணர்ச்சி. இதோடு விவாதம் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் மேலே படிக்க வேண்டியதே இல்லை, வாங்காதீர்கள்.

ஐந்தாவதுதான் தொல்லை பிடித்தது. வேறு எதற்கோ வந்த கோபத்தை டெனுவோவின் தலையில் கட்டுவது. டிராகன்ஸ் டாக்மா 2 இதற்கு நல்ல பாடம். விமர்சகர்கள் கொண்டாடிய கேம், ஸ்டீமில் முதல் நாளே ‘பெரும்பாலும் எதிர்மறை’ என்று விழுந்தது. திறந்து படித்தால் ஒரே பத்தியில் எல்லாம் கலந்து கிடந்தது: நகரத்துக்குள் நுழைந்தால் ஃப்ரேம் (திரை நொடிக்குக் காட்டும் படங்களின் எண்ணிக்கை) சரிகிறது, சின்னச் சின்னப் பொருளுக்குத் தனி விலை, ஆட்டத்தைச் சேமிக்க ஒரே ஒரு சேவ்தான், புதிய ஆட்டம் தொடங்க வழியில்லை, கூடவே டெனுவோ. இதில் புதிய ஆட்டம் தொடங்கும் வசதியை ஒரு அப்டேட்டில் கொடுத்தார்கள். விலைக்கு விற்ற பொருள்களில் பல ஆட்டத்துக்குள்ளேயே கிடைப்பவை. ஃப்ரேம் சரிவுக்குக் கேப்காம் சொன்ன காரணம், ஒவ்வொரு கதாபாத்திரத்தின் இருப்பையும் கணக்கிடுவதில் சிபியு (கணினியின் மையச் செயலி) நிறையச் செலவாகிறது என்பது. ஆடியவர்கள் அதைத் தங்கள் வழியில் சோதித்தும் பார்த்தார்கள், ஊர் மக்களை வெட்டிச் சாய்த்து! கூட்டம் குறைந்ததும் ஃப்ரேம் ஏறியது. ஆக அங்கே பெரிய சுமை கூட்டம்தான். டெனுவோவுக்குப் பங்கே இல்லை என்று இதனால் நிரூபணம் ஆகிவிடாது. ஆனால் "டெனுவோவை எடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று எழுதியவருக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். எல்டன் ரிங் டெனுவோ இல்லாமல் 2022-ல் வந்தது, கணினியில் திக்கித் திக்கி ஓடியது, முதல் நாட்களில் ஸ்டீமில் ‘கலவை’ என்ற அடையாளத்தோடு நின்றது. பிளாக் மித்: வூகோங் 2024-ல் டெனுவோவோடு வந்தது, தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள். டிராகன் ஏஜ்: தி வெயில்கார்டை டெனுவோ இல்லாமல் வெளியிடப்போவதாக பயோவேர் அறிவித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். பூட்டு இல்லாததால் கணினிக்கு முன்கூட்டிய டவுன்லோடும் இல்லை என்று அதே அறிவிப்பில் சொன்னார்கள். கேம் வந்த பிறகு வந்த சண்டை முழுக்க கதையையும் வசனத்தையும் பற்றித்தான். பூட்டு இல்லை என்பதற்காக யாரும் கேமை மன்னிப்பதில்லை.

விமர்சனங்களை வடிகட்டுவது

ஸ்டீமில் ஒவ்வொரு விமர்சனத்தின் தலையிலும் ஆடிய மணி நேரம் இருக்கும். எழுதும்போது எத்தனை மணி, இப்போது எத்தனை மணி என்று இரண்டும் தெரியும். அரை மணி நேரத்தில் ‘டெனுவோ குப்பை’ என்று எழுதிவிட்டு அதே கேமை அறுபது மணி நேரம் ஆடியிருக்கும் ஆளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். நான் ஆடிய நேரத்துக்கான வடிகட்டியைப் பத்து மணிக்கு மேல் வைத்து எதிர்மறை விமர்சனங்களை மட்டும் படிப்பேன். பத்து மணி ஆடியும் வேண்டாம் என்கிறவரிடம் சொல்ல விஷயம் இருக்கும். ஒரு விதிவிலக்கு: திறக்கவே முடியவில்லை என்பவருடைய மணிக்கணக்கு குறைவாகத்தான் இருக்கும். அவர்களைத் தனியாகத் தேடிப் படியுங்கள்.

பிறகு தேதி வரைபடம். எதிர்மறை விமர்சனங்களைக் காட்டும் சிவப்புத் தூண் திடீரென்று உயர்ந்த நாளைச் சொடுக்கி அன்று என்ன நடந்தது என்று பாருங்கள். வெளியான நாளா, பூட்டைப் புதிதாகச் சேர்த்த அப்டேட்டா, வேறு ஏதாவது சர்ச்சையா? இங்கே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 2019-ல் ஸ்டீமை நடத்தும் வால்வ் ‘தலைப்புக்கு வெளியே’ வரும் விமர்சன அலைகளை மதிப்பெண்ணில் சேர்க்காமல் விடும் முறையைக் கொண்டுவந்தது. டிஆர்எம் மாற்றத்துக்காக வரும் அலையும் தலைப்புக்கு வெளியேதான் என்று அப்போதே வெளிப்படையாகச் சொன்னார்கள். பெரும்பாலானோர் அதைப் பொருட்படுத்துவதில்லை என்பது அவர்கள் வாதம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வாங்கிய பொருளை மாற்றினால் அது தலைப்புக்குள்தான். உங்களுக்கும் அப்படித் தோன்றினால் கடை அமைப்புகளில் போய் அந்த விமர்சனங்களையும் மதிப்பெண்ணில் சேர்க்கச் சொல்லலாம். எண் மாறுவதை நீங்களே பார்க்கலாம்.

மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில், எழுதுகிறவர் கேம் வைத்திருக்கிறாரா என்ற சோதனையே கிடையாது. அங்கே இருக்கும் பயனர் மதிப்பெண்ணை நான் பார்ப்பதே இல்லை.

கேமை வாங்காதவர் சொல்லும் கருத்து எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டைட்டன் குவெஸ்ட் கதையைச் சொல்லியாக வேண்டும். 2006-ல் வந்த ஆக்‌ஷன் ஆர்பிஜி. அயர்ன் லோர் செய்தது, டிஎச்க்யூ வெளியிட்டது. கிரேக்கப் புராண அரக்கர்களை வெட்டிக்கொண்டே போகலாம். அதில் நகல் சோதனைகளை ஆட்டத்துக்குள்ளேயே பல இடங்களில் ஒளித்து வைத்திருந்தார்கள். ஒரு சோதனை, குவெஸ்ட் (ஆட்டத்தில் தரப்படும் பணி) தொடங்கும் இடத்தில் இருந்தது. வெளியாகும் முன்பே கிராக் (பூட்டை உடைத்த நகல்) பரவிவிட்டது, ஆனால் கிராக் செய்தவர்கள் எல்லாச் சோதனைகளையும் கண்டுபிடிக்கவில்லை. திருட்டு நகலில் ஆடியவர் முதல் குகையை விட்டு வெளியே வந்ததும் கேம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொண்டது. "இது திருட்டு நகல்" என்று ஒரு வரிகூட வராது. அவர்கள் என்ன செய்தார்கள்? இந்த கேமில் ஒரே பக், எப்போதும் கிராஷ் ஆகிறது என்று ஊரெல்லாம் எழுதினார்கள். கேம் கடைக்கு வரும் முன்பே அதற்குக் கெட்ட பெயர் வந்து சேர்ந்தது. 2008-ல் அயர்ன் லோர் மூடப்பட்ட பிறகு டிஎச்க்யூவின் மைக்கேல் ஃபிட்ச் இதையெல்லாம் கொட்டித் தீர்த்தார்.

திருடியவர்கள் மேல் எனக்கு இரக்கம் இல்லை. ஆனாலும் பூட்டைச் செய்தவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. பூட்டு தன் பெயரைச் சொல்லாமல் பக் வேடம் போட்டால், படிக்கிறவருக்கு எது பக், எது பூட்டு என்று எப்படித் தெரியும்? அன்றிலிருந்து "ஒரு குறிப்பிட்ட இடத்தில் கிராஷ்" என்ற புகாரை, வாங்கியவர் என்ற அடையாளம் இல்லாமல் நான் நம்புவதில்லை. அந்த வகையில் ஸ்டீம் பரவாயில்லை, கணக்கில் கேம் இல்லாதவர் அங்கே எழுத முடியாது.

உங்கள் கணினியில் நீங்களே பாருங்கள்

ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அந்த இரண்டு மணி நேரத்தைக் கதாபாத்திரத்தின் மூக்கைச் செதுக்குவதில் கரைக்காதீர்கள். டிராகன்ஸ் டாக்மா 2-வுக்கு முகம் செய்யும் கருவியை இலவசமாக, தனியாக, முன்னாலேயே கொடுத்திருந்தார்கள். வூகோங்குக்கும் வெளியாகும் முன்பே இலவச பெஞ்ச்மார்க் (கணினியில் எப்படி ஓடும் என்று அளக்கும் சோதனை) வந்தது. இப்படி ஏதாவது இருந்தால் முதலில் அதில் பாருங்கள். ஆனால் டெமோவிலும் பெஞ்ச்மார்க்கிலும் முழு கேமில் உள்ள பூட்டு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. அவற்றை வைத்து உங்கள் கணினியை எடை போடலாம், பூட்டை எடை போட முடியாது.

என்னிடம் இருப்பது ஆறு கோர் உள்ள பழைய சிபியு. அதனால் இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்யப் பழகிவிட்டேன். ஆடும்போதே வேகத்தைத் திரையில் காட்டும் ரிவாட்யூனர் மென்பொருளில் ஃப்ரேம் எண்ணிக்கையை மட்டும் வைக்காமல் ஃப்ரேம்டைம் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஆகும் நேரம்) கோட்டையும் திரையில் வைப்பேன். சராசரி 60 காட்டும்போதே கோட்டில் முள் முள்ளாகக் குத்தி நிற்கும். கண்ணுக்குத் திக்குவது அதுதான். பிறகு ஒரே பாதையில் இரண்டு முறை நடப்பேன், ஒரே எதிரியோடு இரண்டு முறை மோதுவேன். முதல்முறை திக்கி இரண்டாம்முறை சரியாக இருந்தால் அது ஷேடர் தொகுப்பு, அதாவது காட்சியை வரையும் சிறு நிரல்களை முதல்முறை தயார்செய்வது. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்தால் மறுபடி கொஞ்ச நேரம் வரும், பூட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒவ்வொரு முறையும் அதே வாசலில், அதே பாலத்தில் திக்கினால் புதிய பகுதியை லோட் செய்கிறது. ஊருக்குள் போனால் சரிகிறது, ரெசல்யூஷனைக் குறைத்துப் பார்த்தும் ஒரு ஃப்ரேம்கூட ஏறவில்லை என்றால் மூச்சு வாங்குவது சிபியு.

டெனுவோவும் சிபியுவைத்தான் தின்னும். அதனால் சந்தேகம் வரவேண்டிய இடம் இந்த மூன்றாவது நிலைதான். அங்கேயும் எவ்வளவு பங்கு அதனுடையது என்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது, ஒப்பிட பூட்டில்லாத பதிப்பு நம்மிடம் இல்லை. "கிராக் பதிப்பு வேகமாக ஓடுது" என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள்: அந்தக் கிராக் பூட்டை எடுத்துவிட்டதா, ஏமாற்றித் தாண்டியதா? பெரும்பாலான கிராக்குகள் தாண்டத்தான் செய்கின்றன. டெனுவோவின் குறியீடு உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதற்காக எல்லாப் புகாரும் பொய் என்று சொல்ல வரவில்லை. 2021-ல் ரெசிடென்ட் ஈவில் வில்லேஜில் ஜாம்பி சாகும்போதெல்லாம் திக்கியது. கிராக் பதிப்பில் திக்கவில்லை என்று வெளியே தெரிந்த பிறகு கேப்காம் அப்டேட் விட்டுச் சரிசெய்தது. பூட்டை எந்த இடத்தில் எவ்வளவு இறுக்கமாகக் கோர்க்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கேமின் முடிவை இன்னொரு கேமுக்குப் பொருத்தாதீர்கள்.

நம்பக்கூடிய சான்று ஒன்று உண்டு: நிறுவனமே பூட்டை நீக்கும் நாள். தி விட்சர் 2 2011 மே மாதம் வந்தது. டிஸ்க்கில் செக்யூரோம், ஜிஓஜியில் பூட்டு இல்லை. அந்த மாதம் முடிவதற்குள் 1.1 அப்டேட்டில் செக்யூரோமைக் கழற்றி எறிந்தார்கள், கேம் வேகமாக ஓடும் என்று அதைச் செய்த சிடி புரொஜெக்டே சொன்னது. இதில் வேடிக்கை, திருட்டுத்தனமாகப் பரவியது பூட்டு போட்ட பதிப்பை உடைத்த கிராக்தானாம். சும்மா திறந்து கிடந்த ஜிஓஜி பதிப்பு இல்லை.

திறக்கவில்லை என்ற புகாருக்கு முன்னேற்பாடு

இந்தப் புகாரை நான் வேகப் புகாரைவிடப் பெரிதாக எடுத்துக்கொள்வேன். டெனுவோ போட்ட ஒரு கேமை இயங்குதள அப்டேட் முடிந்த கையோடு இணையம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனேன். திறக்கச் சொன்னால் ‘இணையத்தோடு இணையவும்’ என்று நின்றுவிட்டது. பெரிய அப்டேட், வன்பொருள் மாற்றம், கேமின் புதிய பதிப்பு எது வந்தாலும் பழைய அனுமதிச் சீட்டு செல்லாமல் போகலாம். எனவே வெளியே கிளம்பும் முன் எல்லா அப்டேட்டும் முடித்து, கேமை இணையத்தோடு ஒருமுறை திறந்து, சேவ் வரை உள்ளே போய்விட்டு மூடுங்கள். பிறகு ஸ்டீமை ஆஃப்லைன் நிலைக்கு மாற்றி இன்னொரு முறை திறந்து பாருங்கள். திறந்தால் கிளம்பலாம்.

ஸ்டீம் டெக் (வால்வின் கையடக்க கேம் கணினி) வைத்திருப்பவர்கள் ஒரு கேமைச் சரிப்படுத்த, விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் மென்பொருளின் பதிப்பை மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். டெனுவோ கேமில் அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு மாற்றமும் புதுக் கணினியாக எண்ணப்பட்டு, ஐந்து முடிந்ததும் ஒரு நாள் பூட்டிக்கொள்ளும். எந்தப் புரோட்டான் சரியாக ஓடுகிறது என்று முன்பே தேடிப் படித்துவிட்டு அதை மட்டும் போடுங்கள்.

எதுவும் செய்ய முடியாத நாட்களும் உண்டு. 2021 நவம்பரில் டெனுவோவின் ஒரு டொமைன் (இணைய முகவரி) காலாவதியாகி, காசு கொடுத்து வாங்கிய பல கேம்கள் சில மணி நேரம் திறக்கவில்லை. எப்போதும் இணையத்தில் இருக்கவேண்டிய கேம் இன்னும் மோசம். 2012 மே 15 அன்று டயாப்லோ 3 வாங்கிய லட்சக்கணக்கானோர் முதலில் சந்தித்த அரக்கனின் பெயர் ‘எரர் 37’. தனியாக ஆடுகிறவரும் சர்வர் வரிசையில் நின்றார். அடுத்த வருடம் கன்சோலுக்கு வந்தபோது அதே கேம் இணையம் இல்லாமல் ஓடியது! "எப்போதும் ஆன்லைன்" என்று கடைப் பக்கம் சொன்னால், டெனுவோ இல்லை என்ற நிம்மதிக்கு அர்த்தமில்லை.

காத்திருக்க முடிந்தால்

பூட்டின் பலன் நிறுவனத்துக்கு முதல் சில வாரங்களில்தான். 2024-ல் வந்த ஓர் ஆய்வு, டெனுவோ கேம் முதல் வாரத்திலேயே உடைக்கப்பட்டால் வருமானத்தில் சுமார் 20 சதவீதம் போகிறது என்றும், 12 வாரம் தாண்டினால் இழப்பு ஏறக்குறைய இல்லை என்றும் கணக்கிட்டது. எனவே சில நிறுவனங்கள் ஒன்றிரண்டு வருடத்தில் சத்தமில்லாமல் நீக்கிவிடுகின்றன. ஸ்டீமில் நடக்கும் மாற்றங்களைப் பதியும் ஸ்டீம்டிபி தளத்தில் அந்த கேமின் மாற்றப் பதிவைப் பாருங்கள். இயங்கும் கோப்பு பல நூறு எம்பியிலிருந்து சட்டென்று சுருங்கியிருந்தால் அநேகமாகக் கழற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். அதற்குள் பக்குகளும் குறைந்திருக்கும், கூடுதல் பகுதிகளும் சேர்ந்திருக்கும், விலையும் இறங்கியிருக்கும். நூறு மணி நேர ஆர்பிஜிக்கு இந்தக் காத்திருப்பு தகும். நண்பர்கள் எல்லோரும் முடித்துவிட்டு முடிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்களே என்றால், அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

நீங்கள் விமர்சனம் எழுதும்போது சிபியு, கிராபிக்ஸ் கார்டு, எந்த இடத்தில் திக்கியது, இரண்டாம்முறையும் திக்கியதா, இணையம் இல்லாமல் திறந்ததா என்று எழுதுங்கள். பூட்டைக் கொள்கையாக எதிர்த்தால் அதைத் தனி வரியாகப் போடுங்கள், ஃப்ரேமோடு கலக்காதீர்கள். பூட்டை நீக்கிய பிறகு அதே பாதையில் இன்னொரு முறை நடந்து பார்த்துவிட்டு, பழைய விமர்சனத்தைத் திறந்து திருத்துங்கள். திருத்திய தேதியை ஸ்டீமே கீழே காட்டிவிடும்.